கிளைடரில் பேட்டரி சாக்ஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

உயரப் பறக்கும் கிளைடரில், அதாவது இன்ஜின் இல்லாமல் பறக்கும் விமானத்தில், முதலில் விறைத்துப் போவது கால் விரல்கள்தான். கனோபி எனும் கண்ணாடி போன்ற மேல்மூடி வழியே வெயில் தலையிலும் தோளிலும் விழும். கால்களோ மூக்குப் பகுதியின் நிழலில், அசைவே இல்லாமல் நீட்டிக் கிடக்கும். காற்றுத் துவாரமும் பெரும்பாலும் அங்கேதான். கடல்மட்டத்தில் 15 டிகிரி என்றால், திட்ட வளிமண்டலக் (standard atmosphere) கணக்குப்படி 6,000 மீட்டரில் மைனஸ் 24. கம்பளி சாக்ஸ் இருக்கிற சூட்டைக் காப்பாற்றும், புதிதாகச் சூடு தராது. அதனால்தான் உள்ளே சூட்டுக் கம்பி ஓடும் பேட்டரி சாக்ஸைப் பரிந்துரைக்கிறோம்.

காலணிக்குள் வைக்கும் சூட்டுப் பொட்டலங்களை நம்ப வேண்டாம். அவற்றிலுள்ள இரும்புத்தூள் ஆக்சிஜனோடு சேர்ந்தால்தான் சூடு வரும். 5,500 மீட்டரில் காற்றழுத்தமே பாதிதான், இறுக்கமான ஷூவுக்குள் காற்றோட்டமும் இல்லை. சூடேறும் இன்சோல் (ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் அட்டை) பரவாயில்லை. ஆனால் ஷூவுக்குள் இடத்தை அடைத்துக்கொள்ளும். விரல் நசுங்கினால் ரத்த ஓட்டம் குறையும், அப்புறம் எத்தனை வாட் கொடுத்தாலும் பயனில்லை.

சாக்ஸில் சூட்டுக் கம்பி விரல்களின் மேலும் கீழும் ஓடுகிறதா என்று பாருங்கள். பாதத்துக்கு அடியில் மட்டும் இருந்தால் விரல் நுனி குளிர்ந்தே இருக்கும். 7.4 வோல்ட், 2,200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் 16 வாட்-மணி இருக்கிறது. ஒரு காலுக்கு 3 வாட் இழுத்தால் ஐந்து மணி நேரம் வரும், 7 வாட் இழுத்தால் இரண்டே கால் மணிதான். குளிரில் இதுவும் குறையும். பேட்டரி கெண்டைக்காலில், பேன்ட்டுக்கு உள்ளே இருந்தால் உடம்புச் சூடு அதையும் காப்பாற்றும்.

பெரிய குறை ஸ்விட்ச்தான். பல மாடல்களில் அது பேட்டரியிலேயே இருக்கிறது. பெல்ட் போட்டு மல்லாந்த நிலையில் உட்கார்ந்தபின் கை அங்கே எட்டவே எட்டாது. கையுறையோடு அழுத்தக்கூடிய ரிமோட் உள்ளதையே வாங்குங்கள். கிளைடரின் 12 வோல்ட் பேட்டரியில் இணைக்கும் வகை எங்களுக்கு உடன்பாடில்லை. ரேடியோவுக்கும் கருவிகளுக்கும் உள்ள மின்சாரத்தை அது தின்றுவிடும். பாராசூட்டோடு குதிக்க நேர்ந்தால் வயர் காலைப் பிடித்து இழுக்கும். அதைத்தான் வாங்குவேன் என்பவர்கள், ஒரே இழுப்பில் கழன்று வரும் பிளக்கையும் தனி ஃப்யூஸையும் கட்டாயம் பாருங்கள்.

ஷூ ஒரு சைஸ் நீளம் கூடலாம், அகலம் கூடக் கூடாது. தடித்த பனி பூட்ஸ் பக்கத்துப் பெடலிலோ சுவரிலோ சிக்கிக்கொள்ளும். தரையிலேயே காக்பிட்டில் உட்கார்ந்து ரடர் பெடலை (வால் சுக்கானைத் திருப்பும் மிதியை) இருபுறமும் முழுசாக மிதித்துப் பாருங்கள்.

தரை வெயிலில் காத்திருக்கும்போது சாக்ஸ் வியர்வையில் ஊறிவிட்டால் மேலே போனதும் அதுவே குளிர்விக்கும். கிளம்பும் முன் உலர்ந்ததை மாட்டுங்கள். விரல் மரத்த பிறகு அல்ல, ஏறத் தொடங்கும்போதே குறைந்த சூட்டில் ஸ்விட்சைப் போட்டுவிடுங்கள். சுருங்கிய ரத்தக்குழாய் மறுபடி விரிய நேரமாகும். சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இது வேண்டாம். தோல் வெந்தாலும் தெரியாது. மற்றவர்களும் இறங்கியதும் பாதத்தைப் பாருங்கள். கம்பி ஓடிய இடத்தில் சிவந்த கோடு இருந்தால் அடுத்த முறை ஒரு படி குறைத்து வையுங்கள்.