சாவி கொடுக்கும் ஜனதாவா, கையசைவில் ஓடும் சீகோ 5-ஆ?

பேட்டரி இல்லாத வாட்ச், அதிகச் செலவில்லாமல் வேண்டும் என்று தேடினால் பெரும்பாலும் இரண்டில் வந்து நிற்போம்: பழைய எச்எம்டி ஜனதா, 7எஸ்26 மெஷின் போட்ட சீகோ 5. சீகோவில் எஸ்என்கே809 மாடலையே எடுத்துக்கொள்வோம்.

ஜனதாவில் 17 ஜுவல் (உராய்வைக் குறைக்க மெஷினுக்குள் பதிக்கும் சிறு கற்கள்). காலையில் சாவி கொடுக்கும்போது இறுகும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் திருகினால் வாட்சை ஓட்டும் மெயின்ஸ்பிரிங்குக்கு ஆபத்து. தேதி கிடையாது.

சீகோவில் 21 ஜுவல், தேதி, கிழமை எல்லாம் உண்டு. ஆனால் சாவி கொடுக்கவே முடியாது, கை அசைந்தால்தான் ஸ்பிரிங் ஏறும். முழுதாக ஏறினால் சுமார் 40 மணி நேரம் ஓடும். வெள்ளி மாலை கழற்றி வைத்தால் திங்கள் காலை நின்றிருக்கும். இரவு 9 முதல் விடியற்காலை 4 வரை தேதியைத் திருப்பக்கூடாது. தேதி மாற்றும் பல்சக்கரங்கள் அப்போது கோத்திருக்கும், பல் உடையும்.

நாளுக்கு 45 விநாடி முந்தலாம், 35 விநாடி பிந்தலாம் என்பது சீகோ சொல்லும் கணக்கு. அதுவும் 5 முதல் 35 டிகிரி வெப்பத்துக்குள். மதுரைச் சித்திரை வெயில் அந்த எல்லையைத் தாண்டிவிடும்!

வியர்வைதான் இங்கே பெரிய எதிரி. சீகோ 30 மீட்டர் ஆழம்வரை நீர் தாங்கும் என்று போட்டிருந்தாலும் கை கழுவும்போது தெறிக்கும் நீர்வரைக்குமே. பழைய ஜனதா அதுவும் தாங்காது. சாவித் தண்டு வழியே ஈரம் ஏறி டயலில் புள்ளி விழும். அதன் அக்ரிலிக் கண்ணாடியில் விழும் கீறலை மட்டும் பற்பசை போட்டுத் தேய்த்தே போக்கிவிடலாம். சீகோவின் ஹார்ட்லெக்ஸ் என்ற கடினக் கண்ணாடியில் கீறல் விழுந்தால் கண்ணாடியையே மாற்றுவதுதான் வழி.

ஜனதா வாங்குவதில் உண்மையான சிக்கல் வேறு. ‘புத்தம் புதுசு’ என்று இணையத்தில் வருபவற்றில் பல, மறுஅச்சு டயலும் வெவ்வேறு வாட்சுகளின் உதிரிகளும் சேர்த்து ஒட்டியவை. லென்ஸில் பாருங்கள்: எழுத்தின் ஓரம் மை கசிந்திருக்கும், நிமிடக் கோடுகள் முள்ளின் நுனியோடு பொருந்தாது. கண்ணைப் பறிக்கும் நிறமென்றால் இரட்டிப்புச் சந்தேகம். பின்மூடியைத் திறந்து மெஷின் படம் அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

பழுது என்று வந்தால் ஜனதாவுக்கே என் ஓட்டு. கண்ணில் லென்ஸை மாட்டி உட்கார்ந்திருக்கும் பழைய மெக்கானிக்குகளுக்கு அது அத்துப்படி. உதிரி வாட்சைப் பிரித்தாவது பாகம் எடுத்துப் போட்டுவிடுவார்கள். 7எஸ்26 என்றால் சர்வீஸ் கூலி மெஷின் விலையை நெருங்கும், முழு மெஷினையே மாற்றச் சொல்வார்கள்.

தினமும் கட்டி பைக்கில் அலைபவருக்கு சீகோ. வாட்சுக்குச் சாவி கொடுப்பதே சுகம் என்பவருக்கு ஜனதா.

எதை எடுத்தாலும், ஸ்பிரிங்கை ஏற்றி, போன் நேரத்தோடு வைத்து, டயல் மேலே பார்க்க 12 மணி நேரம், பக்கத்துத் திருகுக் குமிழ் (சாவி) கீழே பார்க்க 12 மணி நேரம் வையுங்கள். இந்த இரண்டு நிலைக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் சர்வீஸ் செலவையும் விலையோடு சேர்த்துப் பேசுங்கள். திடீரென நிமிடக்கணக்கில் முந்தினால் ஓட்டத்தின் வேகத்தைச் சீராக வைக்கும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கலாம். காந்தம் நீக்கும் கருவியில் காட்டினால் சில விநாடியில் சரியாகிவிடும். அதற்குப் போய் முழு சர்வீஸ் கூலி கொடுக்காதீர்கள்.