மாதிரி ஒரு மரம், வந்தது வேறு மரம்: மொத்தமாகச் செய்யக் கொடுப்பவர்கள் படித்துவிடுங்கள்

கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க மடக்கும் பல்லாங்குழி 400 வேண்டும் என்று ஆர்டர் வந்தது. மயிலாப்பூரில் வீட்டிலிருந்தே இந்தத் தொழிலைச் செய்கிறேன். கீல் அடிப்பது, மெழுகு பூசுவது, சோழி எண்ணிப் போடுவது எல்லாம் நாங்களே, மரம் குடைவது மட்டும் வெளியில். ஏழு குழி வைத்த இரண்டு பாதி சேர்ந்தால்தான் ஒரு பலகை, ஆக 800 பாதி. அம்பத்தூர் பக்கம் சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் மூலம் குடையும் மெஷின்) வைத்திருக்கும் ஒரு பட்டறையில் ஒரு பாதி 150 ரூபாய் என்று பேசி 70,000 முன்பணம் கொடுத்தேன்.

சும்மா கொடுக்கவில்லை, மாதிரி வாங்கிப் பார்த்துத்தான் கொடுத்தேன். நல்ல வேப்பமரம், குழி வழவழவென்று இருந்தது, இரண்டு பாதியையும் மூடினால் நடுவில் ஒரு தாள்கூட நுழையாது. "எல்லாம் இதே மாதிரிதான் மேடம், கவலையே படாதீங்க" என்றார் பட்டறைக்காரர்.

ஒன்பது நாள் தாமதமாகக் குட்டி யானையில் சரக்கு வந்தது. பெட்டியைத் திறந்ததுமே அப்போது அறுத்த வேம்பின் கசப்பு வாசனை, கையில் எடுத்தால் கனம். சமையலறைத் தராசில் வைத்தேன்: மாதிரிப் பாதி 540 கிராம், வந்தது 720. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், நாள் இல்லையே என்று இறக்கிவிட்டேன். எங்கே ஏற்றியது என்று டிரைவரைக் கேட்டேன், செங்குன்றம் என்றார். அதாவது மாதிரி செய்த பட்டறையில் எங்கள் சரக்கு குடையப்படவே இல்லை.

மூன்று வாரத்தில் பலகைகள் ஓடுபோல வளைந்தன. ஒரு பக்கம் குடைந்து மறுபக்கம் தட்டையாக இருக்கும் பச்சை மரம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் காயாது, அதனால் வளைகிறது. மூடினால் சுண்டுவிரல் போகிற இடைவெளி, தூக்கினால் அதன் வழியே சோழி கொட்டுகிறது. பக்கத்துத் தெருத் தச்சர் ஊசி குத்தும் ஈரப்பதமானியை வைத்துப் பார்த்தார், அத்தனை நாள் காய்ந்த பிறகும் 24 சதவீதம். "12-க்குப் பக்கத்துல இருக்கணும்மா, இது இன்னும் ஆடும்" என்றார். பலகை காற்றில் காய மாதக்கணக்கில் ஆகும், சூளையில் என்றாலும் நாள் கணக்கு உண்டு. இவர்கள் எதுவுமே செய்யவில்லை.

பட்டறைக்காரருக்குப் போன் செய்தால், "மரம்னா அப்படித்தான், நீங்க வெயில்ல வச்சிருப்பீங்க" என்கிறார். இப்போது எடுப்பதே இல்லை. 400-இல் ஒழுங்காக மூடியது 130 பலகைதான். ஆர்டர் கொடுத்த அம்மா அதை மட்டும் வாங்கிக்கொண்டார், அவரைக் குறை சொல்ல முடியாது.

வக்கீலிடம் போனேன். மாதிரி காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் அதே தரத்தில் இருக்க வேண்டும் என்று 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் 17-ஆம் பிரிவு சொல்கிறதாம். ஆனால் அவர் முதலில் கேட்டது, மாதிரிப் பலகையில் இருவர் கையெழுத்தும் தேதியும் இருக்கிறதா என்றுதான். இல்லை. "வேம்பு, காய்ந்தது, இத்தனை சதவீத ஈரம், வேறு இடத்தில் கொடுத்துச் செய்யக்கூடாது" என்று எழுதி வாங்கவும் இல்லை, கையில் இருப்பது ஒரு துண்டு ரசீது. முதல் 20 பாதியை மட்டும் வாங்கி, இரண்டு வாரம் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்துக்குப் பணம் கொடுத்திருந்தால் 3,000 ரூபாயோடு போயிருக்கும்.

மாதிரிப் பாதியையும் வளைந்த பலகைகளையும் அப்படியே வைத்திருக்கிறேன். யாராவது மர வேலை ஆர்டர் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் வந்து இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள், தராசும் இங்கேயே இருக்கிறது.