எங்கள் கேம்பஸ் பார்க்கிங் பர்மிட்: ஆப் அருமை, கட்டண முறையைத்தான் மாற்ற வேண்டும்

ஃபால் செமஸ்டருக்கு அமெரிக்கா வரும் நம் பிள்ளைகள் வீடு, சிம் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே விசாரித்துவிடுகிறார்கள். பார்க்கிங் பற்றி மட்டும், பழைய கார் ஒன்றை வாங்கி முடித்த பிறகுதான் கேட்கிறார்கள். அதனால்தான் மிட்வெஸ்ட்டில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் பர்மிட் சேவையைப் பற்றி இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம், பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஏற்பாடு கிட்டத்தட்ட இதுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பர்மிட் வாங்குவது ரொம்பச் சுலபம். ஸ்டிக்கர் கிடையாது, கண்ணாடியில் தொங்கவிடும் அட்டை கிடையாது, ஆப்பில் நம்பர் பிளேட்டைப் பதிந்தால் அந்த பிளேட்தான் பர்மிட். கேமரா பொருத்திய வண்டி ஒன்று லாட் லாட்டாக (லாட் என்றால் கார் நிறுத்தும் திடல்) சுற்றி பிளேட்டுகளைப் படித்துக்கொண்டே போகும். வீட்டில் இரண்டு கார் இருந்தால் இரண்டையும் ஒரே பர்மிட்டில் பதியலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் உள்ளே நிற்கலாம். கார் ரிப்பேருக்குப் போய் வாடகைக் கார் எடுத்தீர்களா, கேம்பஸுக்குள் நுழைவதற்கு முன்பே அந்த நம்பரையும் சேர்த்துவிடுங்கள். அப்புறம், தயவுசெய்து ரிவர்ஸ் எடுத்து நிறுத்தாதீர்கள். எங்கள் மாநிலத்தில் காருக்கு முன்பக்கம் பிளேட் கிடையாது. பின்பக்கம் சுவரைப் பார்த்து நின்றால் கேமராவுக்கு எதுவும் தெரியாது, பர்மிட் இருந்தும் ஃபைன் வரும். கவுன்ட்டரில் இருப்பவர்கள் பொறுமையாகப் பேசுகிறார்கள். முதல் தடவை என்றால் முறையீடு எழுதினாலே பெரும்பாலும் எச்சரிக்கையாக மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். அதைக் கெடு நாளுக்குள் எழுத வேண்டும், அவ்வளவுதான். கட்டாமல் விட்டால் ஃபைன் மாணவர் கணக்கில் ஏறி, அடுத்த செமஸ்டருக்குப் பாடம் பதிய முடியாமல் நிற்பீர்கள்.

என் குறை முழுக்கக் கட்டண முறை மேல்தான். ஆகஸ்டில் முழு வருடத்துக்கும் சேர்த்து ஒரே பர்மிட் விற்கிறார்கள். லாட்டில் இருக்கும் இடத்தைவிடக் கூடுதலாகவே விற்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதில்லை என்பதால் அதில் தப்பில்லை. தப்பு எங்கே என்றால், பணத்தை ஒரே தடவையில் வாங்கிவிட்ட பிறகு தினமும் காரில் வருவது இலவசம் போல ஆகிவிடுகிறது. வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸிலோ சைக்கிளிலோ வரக்கூடியவர்கூட 'கட்டின பணம் வீணாகக் கூடாது' என்று ஐந்து நாளும் காரை எடுக்கிறார். பத்து மணிக்கு லாட் நிரம்பிவிடுகிறது, இடம் போதவில்லை என்று எல்லோரும் கேட்க, அடுக்குமாடி கராஜ் கட்ட வேண்டியதாகிறது. அதில் ஒரு கார் நிற்கும் இடத்துக்கே பல்லாயிரம் டாலர் செலவு. இங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பார்க்கிங் துறைக்குக் கல்விக் கட்டணத்திலிருந்தோ மாநில அரசிடமிருந்தோ பணம் வராது, தன் செலவைத் தானே சம்பாதிக்க வேண்டும். ஆகவே கராஜ் கடனும் பர்மிட் விலையில்தான் வந்து விழுகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பாஸ்டன் பக்கத்தில் இருக்கும் எம்ஐடி பல்கலைக்கழகம் 2016இல் ஊழியர்களுக்கான வருட பர்மிட் கட்டணத்தை விட்டுவிட்டு, வந்த நாளுக்கு மட்டும் கட்டணம், அதற்கும் வருடத்துக்கு ஓர் உச்சவரம்பு என்று மாற்றியது. கூடவே ஊழியர் அடையாள அட்டையிலேயே சப்வேயும் உள்ளூர் பஸ்ஸும் இலவசம் ஆனது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1991லிருந்தே யூ-பாஸ் என்ற பயண அட்டையை நடத்துகிறது. பார்க்கிங் கட்டணத்தையே ஆராய்ந்தவர், 2025இல் காலமான யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) பேராசிரியர் டொனால்டு ஷூப் பல வருடமாகச் சொல்லிவந்ததும் இதுதான்: எந்நேரமும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும்படி விலை வைத்தால் யாரும் சுற்றிச் சுற்றித் தேட வேண்டியிருக்காது. எங்கள் ஆப்பில் இதற்கான வசதி ஏற்கெனவே இருக்கிறது, விருந்தினர்களுக்கு மணிக்கணக்கில் வசூலிக்கிறார்களே! பர்மிட்காரர்களுக்கு நாள் கணக்கு போட என்ன தடை?

இன்னொன்று எனக்கு உண்மையிலேயே மனசு பொறுக்கவில்லை. பெரிய பேராசிரியருக்கும், விடியற்காலையில் பஸ் ஓடாத நேரத்தில் வகுப்பறைகளைச் சுத்தம் செய்ய வரும் அம்மாவுக்கும் ஒரே கட்டணம். அவருக்குக் காரை விட்டால் வேறு வழியே இல்லை. நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் ஊழியர் பர்மிட் விலை சம்பளத்துக்கு ஏற்ப ஏறும் இறங்கும். அதே மாநிலத்தில் கேம்பஸ் பார்க்கிங் ஃபைன் அரசுப் பள்ளிகளுக்குத்தான் போக வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பே சொல்லிவிட்டது. எங்களிடம் ஃபைன் பணம் அதை விதிக்கும் துறைக்கே போகிறது. இது சரியில்லை, துறையின் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் இதைச் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

மதிப்பெண் கேட்டால் ஆப்புக்கு ஐந்துக்கு நான்கு, கவுன்ட்டர் ஊழியர்களுக்கு ஐந்தும், கட்டண முறைக்கு இரண்டு.

புதிதாக வருபவர்களுக்கு: பஸ் ரூட்டில் வீடு எடுத்தால் முதல் செமஸ்டரில் பர்மிட் வாங்கவே வேண்டாம், மாணவர் அட்டையைக் காட்டினால் டவுன் பஸ் இலவசம். லேபில் இரவு வேலை என்றால் மாலை பர்மிட் போதும், விலையும் குறைவு. தள்ளி இருக்கும் லாட் மலிவுதான், ஆனால் ஜனவரிக் குளிரில் ஷட்டில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், நல்ல ஜாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபுட்பால் மேட்ச் இருக்கும் சனிக்கிழமைக்கு முன்தினமே காரை எடுத்துவிடுங்கள், பர்மிட் இருந்தாலும் காரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஊழியராகச் சேர்பவர்கள் பர்மிட் கட்டணத்தை வருமான வரிக்கு முன்பே சம்பளத்தில் பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள். 2025இல் இதற்கு மாதம் 325 டாலர் வரை வரிவிலக்கு. கோடைக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் கிளம்பும் முன் ஆப்பிலேயே பர்மிட்டை ரத்து செய்யுங்கள், மீதி மாதங்களின் பணம் திரும்ப வரும். நாமாகக் கேட்காமல் தர மாட்டார்கள்.