ஊத்துக்குளி வெண்ணெயும் டப்பா ஸ்ப்ரெட்டும்: ஒரே ஃபிரிட்ஜில் ரெண்டையும் வைத்துப் பார்த்ததில்

தங்கச்சி மகன் பெருந்துறையில் எங்கள் வீட்டில் தங்கித்தான் காலேஜ் போகிறான். அவனுக்குப் பால் அலர்ஜி. மோர் கொஞ்சம் உள்ளே போனாலே உடம்பெல்லாம் தடித்துக்கொள்ளும். அவனுக்காக வாங்க ஆரம்பித்த, வெண்ணெய்க்குப் பதிலாகத் தடவ எண்ணெயில் செய்து டப்பாவில் வரும் பால் சேராத ஸ்ப்ரெட்டை ஒரு வருசத்துக்கு மேலாக நாங்களும் தின்கிறோம். ஊத்துக்குளி வெண்ணெய் வாங்குவதையும் விடவில்லை.

கடையில் முதல் வேலை டப்பாவைத் திருப்பிப் பார்ப்பது. முன்னால் 'வெஜிடபிள்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும், பின்னால் பொடி எழுத்தில் பால் பவுடர் ஒளிந்திருக்கும். பச்சைப் புள்ளியும் உதவாது. நம் நாட்டில் பாலும் சைவம்தான், வெண்ணெய்க்கும் அதே புள்ளி. வீகன் உணவுக்கென்று 2022ல் விதி வந்து தனி முத்திரையும் வந்தது. அது இருந்தாலும் அலர்ஜி வரியைப் படிக்காமல் நான் கூடையில் போடுவதில்லை.

பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் கதை வேறு. அது லாக்டோஸ், அதாவது பாலில் இருக்கும் சர்க்கரைச் சமாச்சாரம். வெண்ணெயில் லாக்டோஸ் ரொம்பக் குறைவு, பலருக்கு ஒன்றும் செய்யாது. அலர்ஜி வருவது பால் புரதத்தால். அது வெண்ணெயிலும் உண்டு, நெய்யிலும் கொஞ்சம் தங்கியிருக்கலாம். அதனால் இவனுக்கு நெய்யும் கிடையாது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பிரெட்டுக்கு ஸ்ப்ரெட் சௌகரியம், அதை மறுக்க முடியாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கத்தியில் வழுக்கிக்கொண்டு போகும். வெண்ணெய் கல்லாட்டம் நிற்கும், அவசரத்தில் தேய்த்தால் பிரெட் பிய்ந்துவிடும். ஆனால் நாங்கள் வாங்கிய ஒரு பாமாயில் ஸ்ப்ரெட் வாயில் கரையவே இல்லை. மாமியார் ஒரு வாய் தின்றுவிட்டு, "ஏங்கண்ணு, அண்ணாக்குல மெழுகு பூசுன மாதிரியல்ல இருக்குது" என்றார். வெண்ணெய் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும். அந்தச் சுகம் டப்பாவில் இல்லை.

தோசைக்கல்லில் ஸ்ப்ரெட் தேறவே தேறாது. டேபிள் பட்டரில் குறைந்தது 80 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. ஸ்ப்ரெட்டில் கொழுப்பு அதைவிடக் குறைவு, மிச்சத்தில் பெரும்பங்கு தண்ணீர். சூடான கல்லில் போட்டதும் படபடவென்று தெறிக்கும், பிறகு தோசை முறுகாமல் வதங்கிப் போகும். இவன் தோசைக்குச் செக்கில் ஆட்டிய கடலெண்ணெயே போதும் என்று விட்டுவிட்டோம். அரிசியும் பருப்பும் சாதத்தில் ஸ்ப்ரெட் போட்டும் பார்த்தான், பாவம். இப்போது அதற்கும் கடலெண்ணெய்தான்.

ஊத்துக்குளி வெண்ணெயை வாங்கியதும் பாதியை உருக்கிவிடுவேன். எருமை வெண்ணெய் என்றால் வெள்ளை வெளேரென்று இருக்கும். மஞ்சளாக இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம், எருமைப் பாலில் அந்த நிறமி இருக்காது. உப்பும் போடாதது, பிரஷர் இருக்கிற மாமனாருக்கு அது வசதி. உருகி அடங்கும்போது ஒரு கொத்து முருங்கைக்கீரை போடுவேன். அடியில் தங்கும் கசடோடு அந்தக் கீரையைச் சுடுசோற்றில் பிசைந்தால்... வேண்டாம், இது ஸ்ப்ரெட்டைப் பற்றிய பேச்சு.

இதயத்துக்கு எது நல்லது என்று மாமனார் அடிக்கடி கேட்பார். வெண்ணெயின் எடையில் பாதி நிறை கொழுப்பு, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் சாச்சுரேட்டட் ஃபேட். சூரியகாந்தி எண்ணெய் மாதிரி திரவ எண்ணெய் அதிகமுள்ள ஸ்ப்ரெட்டில் அது குறைவு. ஆனால் தேங்காயெண்ணெயில் செய்ததை இதயத்துக்கு நல்லது என்று வாங்காதீர்கள். தேங்காயெண்ணெயில் நிறை கொழுப்பு 80 சதவீதத்துக்கும் மேல். பொள்ளாச்சிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் இதைப் படித்தால் சண்டைக்கு வருவார்கள். எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாகி இதயத்தைக் கெடுக்கும் டிரான்ஸ் கொழுப்பு பற்றிய பயம் முன்பு நியாயமானது. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்பில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மாமனாருக்கு நான் தருவது நெய்தான், ஒரு டீஸ்பூன், மதியம் மட்டும்.

வெயில் காலத்தில் ரெண்டுமே மேசையில் நிற்காது. மார்கழிக் குளிரில் மட்டும் வீட்டுத் தேங்காயெண்ணெய் உறைந்து பாட்டிலை விட்டு வர மறுக்கும். அதை வாயகன்ற டப்பாவில் ஊற்றி வைத்து, துளி உப்புத் தூவிப் பிரெட்டில் தடவித் தின்கிறான். கடை ஸ்ப்ரெட்டைவிட அதுதான் பிடிக்கிறதாம். தை முடிகிறவரை டப்பா வாங்கும் செலவு மிச்சம்.