மூட்டு வலி முகாமில் போன 18,500 ரூபாய்: டெல்டாக்காரர்கள் படிக்கவும்

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அம்மாவின் முடக்குவாதத்தைக் காட்டி எங்களிடம் 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டார்கள். குறுவை நெல்லை டிபிசியில் (அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம்) போட்டு வந்த பணம்.

டாக்டர் முன்பதிவு ஆப் ஒன்றில், சென்னையிலிருந்து ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டுவாத டாக்டர், கும்பகோணம் வருகிறார் என்று விளம்பரம். நாங்கள் குத்தாலம் பக்கம். தஞ்சாவூர், திருச்சி என்று அம்மாவைப் பஸ்ஸில் ஏற்றி இறக்குவது பெரும்பாடு. கும்பகோணம் என்றதும் சரி என்று கிளம்பினோம்.

லாட்ஜ் மாடியில் ஒரு ஹால். அந்த ஆள் அம்மாவின் கையை மடியில் வாங்கி, விரல் நுனியை விட்டுவிட்டு அடிக்கணுவையும் நடுக்கணுவையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். "காலையில கை மடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுதாம்மா? குடம் தூக்க முடியலையா?" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை எந்த டாக்டரும் "வயசாச்சுல்ல"தான் சொல்லியிருந்தார்கள். கேட்ட கேள்வி அத்தனையும் சரியான கேள்விதான், அதுதான் வயிற்றெரிச்சல். மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறான்!

மூன்று மாத பேக்கேஜ், 18,500 ரூபாய். ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆள் வருமாம். முதல் மாத மாத்திரை கையில், மீதி கூரியரில். பெயர் ஒட்டாத ஜிப் கவரில் வெள்ளை மாத்திரை.

நாலே நாளில் வலி பறந்தது. அம்மா வாசலில் குனிந்து கோலம் போட்டார். அப்புறம் முகம் உப்பியது, இல்லாத சுகர் ஏறியது. மாத்திரை தீர்ந்ததும் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை.

கூரியரும் வரவில்லை, ரத்தம் எடுக்கவும் யாரும் வரவில்லை. போன் செய்தால் "சார் கேம்ப்ல இருக்காரு". அடுத்த முறை "வாட்ஸ்அப்ல ஹாய் போடுங்க". ஆப்காரர்கள் "நாங்க புக்கிங் மட்டும்தான் சார், பணம் அவங்களுக்குத்தானே கட்டுனீங்க" என்றார்கள். லாட்ஜில் கேட்டால் ஹாலை ஒரு நாளைக்கு வாடகைக்கு விட்டதோடு சரியாம். 18,500 ரூபாய்க்கு ஒரு ரசீதுகூட இல்லை, கேட்டபோது "ஆப்ல வரும்" என்றார்கள்.

கடைசியில் தஞ்சாவூரில் நிஜ டாக்டரிடமே போனோம். கவரைப் பார்த்ததும் ஸ்டீராய்டாக இருக்கலாம் என்றார், சட்டென்று நின்றதுதான் ஆபத்து என்றும் திட்டினார். ஆன்டி சிசிபி, ஈஎஸ்ஆர் என்று ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து, முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதினார். வாரத்தில் ஒரே ஒரு நாள், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று சீட்டில் கிழமையை வட்டம் போட்டுக் கொடுத்தார். வேலை செய்யவே சில வாரம் ஆகுமாம்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், அம்மா கூப்பிடுகிறார். அட்டையும் பெயரும் இல்லாத மாத்திரையை வாங்காதீர்கள். அதில் நாலு நாளில் வலி போனால் சந்தேகப்படுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் கவரோடு டாக்டரிடம் ஓடுங்கள். முகாமுக்கு வரும் டாக்டரின் பதிவு எண்ணைக் கேளுங்கள், தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் தளத்தில் தேடிப் பாருங்கள். மூட்டுவாதம் குணமாகும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915, புகார் கொடுத்திருக்கிறேன். இதே கும்பல் அடுத்து மயிலாடுதுறையில் முகாம் போடுவதாக இன்று காலை அதே ஆப்பில் விளம்பரம் வந்திருக்கிறது.