ஃபுளோரிடா கிளைம் பில்: விசாரணைக்கு ஐந்து ஸ்டார், காத்திருப்புக்கு ஒன்று

செங்கல்பட்டு கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் ஆறு வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். இப்போது ஜாக்சன்வில்லில் ஒரு சட்ட அலுவலகத்தில் வழக்குக் கோப்புகள் தயாரிக்கிறேன். "அரசாங்கத்து மேல கேஸ் போட்டு ஜெயிச்சா பணம் வருமா?" என்று இங்குள்ள நம்மவர்கள் அடிக்கடி கேட்பதால் இந்த விமர்சனத்தை எழுதுகிறேன்.

ஃபுளோரிடாவில் அரசுத் தரப்பின் கவனக்குறைவால் அடிபட்டவர் கோர்ட்டில் ஜெயிக்கலாம். ஆனால் 2011ல் வந்த வரம்புப்படி, ஒருவருக்கு 2 லட்சம் டாலர், ஒரு சம்பவத்துக்கு மொத்தம் 3 லட்சம் டாலர் வரைதான் வசூலிக்க முடியும். நான் பார்த்த கோப்புகளுக்கெல்லாம் இந்த வரம்புதான் பொருந்தியது. மீதித் தொகை வேண்டுமென்றால், அந்த ஒருவருக்காகவே மாநிலத் தலைநகர் டல்லஹாசியில் சட்டமன்றம் ஒரு தனிச் சட்டம் போட வேண்டும். அதுதான் கிளைம் பில்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மசோதா தாக்கலானதும் அதை ஸ்பெஷல் மாஸ்டர் என்ற வழக்கறிஞர் விசாரிக்கிறார். ஜூரி சொன்ன தொகையோ, இரு தரப்பும் பேசி முடித்த தொகையோ அவரைக் கட்டுப்படுத்தாது. கடமை இருந்ததா, அதை மீறினார்களா, அதனால்தான் பாதிப்பு வந்ததா என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கிறார். நான் உடன்போன ஒரு விசாரணையில் ஒரு பையனின் அம்மா சாட்சி சொன்னார். நாங்கள் கொடுத்த வாழ்நாள் செலவுக் கணக்கில் சக்கர நாற்காலி என்றிருந்த வரியைக் காட்டி, "இதை எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கிறது?" என்று அவர் நேராக அம்மாவிடமே கேட்டார். "அவன் வளர வளர" என்றார் அம்மா. அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். இத்தனை பொறுமையாகக் கேட்கும் ஆளை நான் எந்தக் கோர்ட்டிலும் அதிகம் பார்த்ததில்லை. அவருடைய அறிக்கை மசோதாவோடு சேர்த்து வெளியிடப்படும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

சரி, அப்புறம்? அந்த அறிக்கை வெறும் பரிந்துரைதான். மசோதா குழுக்களைத் தாண்டி, இரண்டு அவைகளிலும் நிறைவேறி, கவர்னரிடம் போக வேண்டும். வழக்கமான கூட்டத்தொடர் 60 நாள்தான். ஒரு குழு அதை எடுத்துக்கொள்ளாவிட்டால்கூடப் போதும், மசோதா காலாவதியாகிவிடும். அடுத்த வருடம் புது எண்ணோடு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பிரோவர்ட் கவுண்டியில் 1998ல் ஷெரிஃப் அலுவலக அதிகாரியின் கார் மோதி 18 வயதுப் பையனுக்கு மூளையில் பலத்த காயம். 2005ல் ஜூரி 3 கோடி டாலருக்கும் மேல் கொடுத்தது. சட்டமன்றம் 1 கோடியே 7.5 லட்சம் டாலருக்கு ஒப்புதல் கொடுத்தது 2012ல். பதினான்கு வருடம் அந்தக் குடும்பம் எப்படிச் சமாளித்திருக்கும்!

என்னை மிகவும் உறுத்துவது ஒரு சொல். கிளைம் பில்லை இங்கே சட்டமன்றத்தின் 'கருணை' என்கிறார்கள். நான் வேலை கற்ற இடத்தில் டிக்ரி, அதாவது கோர்ட் தீர்ப்பு, என்றால் கொடுத்தே தீர வேண்டிய கடன். நம் அரசியல் சட்டத்தின் 202, 203 பிரிவுகளின்படி, மாநில அரசுக்கு எதிரான கோர்ட் தீர்ப்புத் தொகையைப் பற்றிச் சட்டமன்றத்தில் பேசலாம், ஓட்டுக்கு விட முடியாது. அதற்காக நம் ஊரில் பணம் உடனே கைக்கு வருகிறது என்று சொல்லவில்லை. நிலம் எடுத்த கேஸ்களில் ஈ.பி. (தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு) போட்டு, அரசு ஜீப்பையும் ஆபீஸ் நாற்காலிகளையும் ஜப்தி செய்ய கோர்ட் அமீனாவோடு நானே போயிருக்கிறேன். ஆனாலும் ஜெயித்தவர் யாரிடமும் கருணை கேட்டு நிற்கவில்லை. இங்கே நிற்க வேண்டியிருக்கிறது. அது தப்பு என்றுதான் நினைக்கிறேன்.

இருந்தாலும் இந்தக் கதவை மூடிவிடக் கூடாது. தவறாகச் சிறையில் அடைக்கப்பட்டவர்களுக்கு வருடத்துக்கு 50,000 டாலர், அதிகபட்சம் 20 லட்சம் டாலர் என்று 2008ல் ஒரு சட்டம் வந்தது. கிளிஃபோர்ட் வில்லியம்ஸ் செய்யாத கொலைக்காகச் சுமார் 43 வருடம் சிறையில் இருந்தவர். முன்பே வேறு குற்றத் தண்டனைகள் இருந்ததால் அந்தச் சட்டம் அவருக்கு உதவவில்லை. 2020ல் கிளைம் பில் மூலமாகத்தான் 21.5 லட்சம் டாலர் கிடைத்தது. அந்தச் சட்டமே வருவதற்கு முன்பு, 2005ல், 22 வருடம் சிறையில் இருந்த வில்டன் டெட்ஜுக்கு 20 லட்சம் கொடுத்ததும் சட்டமன்றம்தான்.

வக்கீல் கட்டணம் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. கையெழுத்துப் போடும் முன் அதைப் பாருங்கள். அடுத்த கூட்டத்தொடருக்கான மசோதாவை ஆகஸ்ட் 1க்குள் மாநில செனட்டில் தாக்கல் செய்ய வேண்டும். அதனால் உங்கள் பகுதி செனட்டரின் அலுவலகத்துக்கு வசந்த காலத்திலேயே போய்விடுங்கள். விசாரணைக்குக் கூடுமானவரை குடும்பமாக நேரில் போங்கள். ஐ-10 நெடுஞ்சாலையில் ஜாக்சன்வில்லிலிருந்து டல்லஹாசிக்கு இரண்டரை மணி நேரம்தான். கோப்பில் விபத்துக்கு முன் எடுத்த போட்டோ ஒன்றாவது இருக்கட்டும். அன்றைக்கு ஸ்பெஷல் மாஸ்டர் அதிக நேரம் கையில் வைத்திருந்தது, அந்தப் பையன் சைக்கிளில் உட்கார்ந்திருந்த போட்டோவைத்தான்.