படிக்கல் ஆன சர்வே கல்

நிலம் அளக்க எவ்வளவு ஆகும் என்று ஊரில் கேட்டால் அரசுக் கட்டணத்தைத்தான் சொல்வார்கள். அது சின்னக் காசு. பெரிய செலவு வைத்தது ஒரு சர்வே கல், அதாவது எல்லைக் கல். எங்கள் நிலத்தின் வடக்கு மூலையில் இருக்க வேண்டியது, பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் படிக்கல்லாகக் கிடந்தது. கல் கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை. இடம் மாறிய கல் எதற்கும் சாட்சி ஆகாது.

புலப்படத்தை (சர்வே நம்பரின் எல்லையும் அளவும் குறித்த அரசு வரைபடம்) வைத்து எல்லை காட்ட, அசையாத இரண்டு கல்லாவது தரையில் வேண்டும். அவற்றின் இடைத்தூரம் படத்தோடு ஒத்துப்போனால்தான் மற்ற மூலைகளைப் பிடிக்க முடியும். ஒன்று போனால் அடுத்த சர்வே நம்பரில் தேட வேண்டும். அங்கும் இல்லையென்றால் மூன்று கிராம எல்லை கூடும் முச்சந்திக் கல் வரை போக வேண்டும். அரை நாள் வேலை இரண்டு நாளாகிறது. டேப் பிடிக்கவும் சீமைக்கருவேலம் வெட்டவும் வந்த ஆட்களின் கூலியும் கூடவே ஏறுகிறது.

இன்னொரு வம்பு, பழைய படத்தில் அளவு லிங்க்கில் இருக்கும். ஒரு லிங்க் 20.12 செ.மீ. ‘இருபதுன்னு வச்சுக்கலாம்’ என்று கணக்குப் போட்டால் 250 லிங்க்கில் 29 செ.மீ. போய்விடும், கிட்டத்தட்ட ஒரு அடி. வேலிச் சண்டையெல்லாம் அந்த ஒரு அடிக்குத்தானே!

கனடாவில், டொராண்டோ பக்கம் நிலத்தின் மூலையில் இரும்புக் கம்பி புதைத்திருப்பார்கள், மெட்டல் டிடெக்டர் வைத்தால் கத்தும். அதை யாரும் படிக்கல்லாக்க முடியாது. பழைய பிளான்களைத் தேடும் நேரத்தையும் சேர்த்து முன்கூட்டியே கொட்டேஷனும் வந்துவிடும்.

இங்கே டிஜிபிஎஸ் என்ற செயற்கைக்கோள் கருவி வைத்து அளக்கும் தனியாரும் உண்டு. படம் அழகாக வரும். ஆனால் பழைய கற்களோடு இணைத்துப் பார்க்காவிட்டால், இப்போது வேலி நிற்கும் இடத்தைத்தான் அது துல்லியமாகக் காட்டும். பலர் பேரில் உள்ள கூட்டுப் பட்டா என்றால் முதலில் நம் பங்கைத் தனியாகப் பிரிக்கும் உட்பிரிவு, அதற்குத் தனிக் கட்டணம்.

மனுவும் கட்டணமும் இப்போது அரசின் தமிழ்நிலம் இணையதளத்திலேயே முடிகிறது. தாலுகா ஆபீஸில் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை (அந்த வாசல் டீதான் போச்சு). ஆனால் பக்கத்துப் பட்டாதாரர்களுக்கு நோட்டீஸ் போக வேண்டும். வெளிநாட்டிலிருந்து மூன்று வார லீவில் வந்து இறங்கியபின் மனு போட்டால், அளப்பதற்குள் பிளைட் ஏறிவிடுவோம். பயிர் நிற்கும்போதும் வேண்டாம், அறுப்பு முடியட்டும்.

பல கற்கள் காணாமல் போவதில்லை, வரப்பு மண் ஏறி மூடிக் கிடக்கும். சர்வேயர் வருவதற்கு முந்தின நாளே புலப்படப் பிரிண்டும் கடப்பாரையுமாக ஒரு ஆளை மூலைகளில் தோண்ட விடுங்கள். கல்லின் தலை தெரிந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். அசைத்துவிட்டால் அதுவும் படிக்கல்தான்.